மனநலக் கேள்வி பதில்: பேருந்தில் ஏறினால் உயிர் போய்விடும் போலிருக்கிறது

இந்த மாதம் வந்த கடிதங்களில் நான்கை ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவர்களின் வயதும் ஊரும் வேறு வேறு. ஆனால் நான்கு பேரும் எழுதியிருப்பது பீதி நோய் என்ற ஒரே நோயின் வெவ்வேறு கட்டங்களைப் பற்றி. ஆகவே முதல் கடிதத்துக்கான பதிலைப் படித்துவிட்டு மற்றவற்றுக்கு வருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 29. தஞ்சாவூரில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். எட்டு மாதங்களுக்கு முன்பு திருச்சியிலிருந்து பேருந்தில் நின்றுகொண்டு வரும்போது திடீரென்று நெஞ்சு படபடத்தது, மூச்சு முட்டியது, கைவிரல்கள் மரத்துப்போயின, இதோ உயிர் போகிறது என்றே நினைத்துவிட்டேன். துவாக்குடியில் இறங்கி ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குப் போனேன். ஈசிஜி எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றார்கள். அதன் பிறகு மூன்று முறை இப்படி ஆகி, எக்கோ, தைராய்டு, சர்க்கரை, ரத்தசோகை எல்லாமே பார்த்தாகிவிட்டது. வாயுக் கோளாறு என்கிறார் ஒருவர், நரம்புத் தளர்ச்சி என்கிறார் இன்னொருவர். ஒன்றுமில்லையென்றால் இது ஏன் வருகிறது?

பதில்: உங்கள் இதயத்தில் ஒன்றுமில்லை என்பதுதான் அந்தப் பரிசோதனைகள் சொன்ன செய்தி. உங்களுக்கு ஒன்றுமில்லை என்று அவை சொல்லவில்லை. நீங்கள் அனுபவித்தது நடிப்பும் அன்று, கற்பனையும் அன்று. பேனிக் அட்டாக் என்று பரவலாக அழைக்கப்படும் பீதித் தாக்குதல் அது. அது வாயுவினால் வருவதில்லை. நரம்புத் தளர்ச்சி என்ற பெயரில் மருத்துவத்தில் ஒரு நோயும் இல்லை.

ஆபத்து நேரும்போது ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடலைத் தயார்செய்யும் ஏற்பாடு ஒன்று எல்லோரிடமும் இருக்கிறது. தெருநாய் துரத்தினால் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது, மூச்சு வாங்குகிறது, வியர்த்துக் கொட்டுகிறது. ஓடிக்கொண்டிருப்பவருக்கு இவற்றையெல்லாம் கவனிக்க நேரமிருக்காது. நாயே இல்லாமல், கூட்ட நெரிசலில் மேல்கம்பியைப் பிடித்தபடி நிற்கும் ஒருவரின் உடலில் அதே ஏற்பாடு முடுக்கிவிடப்பட்டால், ஒவ்வொரு துடிப்பும் அவருக்குக் கேட்கிறது. அதற்கான காரணம் கண்ணெதிரே எதுவும் இல்லாததால், காரணம் தன் உடலுக்குள்தான் இருக்க வேண்டும் என்று அவர் முடிவுகட்டிவிடுகிறார்.

உங்கள் விரல்கள் மரத்ததற்கும் விளக்கம் இருக்கிறது. வேகவேகமாக மூச்சு விடும்போது ரத்தத்திலுள்ள கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மேல் வெளியேறிவிடுகிறது. அதனால் ரத்தத்தின் காரத்தன்மை சற்றுக் கூடி, விரல்களிலும் உதட்டைச் சுற்றியும் குறுகுறுப்பும் மரப்பும் உண்டாகின்றன. மூளையின் ரத்தக் குழாய்கள் கொஞ்சம் சுருங்குவதால் தலை கிறுகிறுக்கிறது. காற்றே போதவில்லை என்று உங்களுக்குத் தோன்றிய அந்த நேரத்தில், உண்மையில் தேவைக்கும் அதிகமாகவே நீங்கள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தீர்கள்.

இதை வாயால் விளக்குவதைவிடச் செய்து காட்டுவது பலன் தரும் என்பதால், இதயநோய், ஆஸ்துமா, வலிப்பு, கர்ப்பம் ஆகியவை இல்லை என்று உறுதிசெய்துகொண்ட பிறகு, என் அறையில் எதிரே உட்கார்ந்திருப்பவரை ஒரு நிமிடம் வேகமாகவும் ஆழமாகவும் மூச்சு விடச் சொல்வேன். நானும் கூடவே விடுவேன். முக்கால் நிமிடம் ஆவதற்குள் பெரும்பாலானவர்கள் நிறுத்திவிட்டு, இரண்டு கைகளையும் விரித்துத் தங்கள் விரல்களையே பார்ப்பார்கள். "இதேதான் டாக்டர், பஸ்ஸில் வந்தது இதேதான்" என்பார்கள். மருந்தோ ஊசியோ இல்லாமல் இரண்டு மூன்று நிமிடங்களில் அது தானாகவே தணிவதையும் அதே நாற்காலியில் உட்கார்ந்தபடி பார்ப்பார்கள். அந்தச் சில நிமிடங்கள் பத்து ஈசிஜி தராத தெளிவைத் தந்துவிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

பிரிட்டிஷ் உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986-இல் இந்த நோய்க்குத் தந்த விளக்கம் இன்றும் சிகிச்சைக்கு அடிப்படையாக இருக்கிறது. படபடப்பு வருகிறது. அதை மாரடைப்பு என்று மனம் தப்பாகப் படிக்கிறது. அந்த எண்ணமே பயத்தைக் கூட்டுகிறது, கூடிய பயம் படபடப்பை மேலும் ஏற்றுகிறது. இப்படி ஒன்றையொன்று ஊதிவிட்டு, சில நிமிடங்களிலேயே உச்சத்தைத் தொடுகிறது. உச்சத்திலேயே அது நின்றுவிடாது. உடலால் அந்த வேகத்தை நீண்ட நேரம் தக்கவைக்க முடியாது என்பதால், நீங்கள் எதுவும் செய்யாவிட்டாலும் இறங்கியே தீரும். துவாக்குடியில் இறங்கியதால்தான் பிழைத்தோம் என்று உங்கள் மனம் கணக்கு எழுதி வைத்திருக்கிறது. பேருந்திலேயே நின்றிருந்தாலும் வல்லம் வருவதற்குள் அது தணிந்திருக்கும். அந்தத் தவறான கணக்கைத் திருத்துவதுதான் சிகிச்சை.

முதல் தாக்குதல் ஏன் வந்தது என்று பலர் கேட்கிறார்கள். தூக்கமின்மை, பட்டினி, காய்ச்சலுக்குப் பிந்தைய சோர்வு, வீட்டில் நடந்த ஒரு சாவு, அளவுக்கு மீறிய காபி என்று எதுவாகவும் இருக்கலாம். சில குடும்பங்களில் பரம்பரையாகவும் இந்தச் சுபாவம் தொடர்கிறது. ஆனால் இரண்டாவதும் மூன்றாவதும் வருவதற்குப் பெரும்பாலும் முதல் தாக்குதலின் நினைவே போதும்.

ஓர் எச்சரிக்கையையும் சொல்ல வேண்டும். நெஞ்சுவலி முதன்முறையாக வரும்போது அதைப் பீதி என்று நீங்களே தீர்மானித்துக்கொள்ளக் கூடாது. மாடிப்படி ஏறும்போதோ நடக்கும்போதோ வலி வந்து, ஓய்வெடுத்தால் தணிகிறதென்றாலும், வலி இடக்கைக்கோ தாடைக்கோ பரவுகிறதென்றாலும், நீரிழிவோ ரத்தக்கொதிப்போ இருக்கிறதென்றாலும் உடனே மருத்துவமனைக்குப் போவதே சரி. உங்களுக்கு முறையாகப் பரிசோதித்தாகிவிட்டது. இனிமேல் ஒவ்வொரு தாக்குதலுக்கும் ஒரு ஈசிஜி என்று போனால், அந்தப் பரிசோதனையே நோயின் ஒரு பகுதியாகிவிடும்.

அடுத்த முறை வரும்போது இறங்கி ஓடாதீர்கள். இது பீதி, ஏறியது இறங்கும் என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொண்டு, மூச்சை இழுப்பதைவிட விடுவதில் கவனம் வைத்து, மெதுவாக விடுங்கள். காகிதப் பையை முகத்தில் வைத்து மூச்சு விடும் பழைய வைத்தியம் வேண்டாம், அதில் ஆபத்து இருக்கிறது. மயங்கி விழுந்துவிடுவோமோ என்ற பயமும் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. மயக்கம் வர ரத்த அழுத்தம் சட்டென்று இறங்க வேண்டும். பீதியின்போது அது சற்று ஏறவே செய்கிறது. தலை சுற்றுவது போல இருக்கும், விழுவது மிக அரிது. ரத்தத்தையும் ஊசியையும் கண்டு மயங்குபவர்களின் கதை மட்டும் வேறு.

கேள்வி: என் மனைவிக்கு வயது 41. கோபிசெட்டிபாளையத்தில் வசிக்கிறோம். சந்தையில் ஒருமுறை அவருக்குப் படபடப்பு வந்தது. பிறகு சந்தைக்குப் போவதை நிறுத்தினார். அடுத்து பேருந்து, பிறகு கோயில், கல்யாண மண்டபம் என்று ஒவ்வொன்றாக நிறுத்தி, இரண்டு வருடமாக வாசற்படியைத் தாண்டுவதில்லை. காய்கறி வாங்குவது முதல் மகளின் பள்ளிக்கூடத்துக்குப் போய்வருவது வரை நானே பார்த்துக்கொள்கிறேன். மந்திரித்துக் கயிறும் கட்டினோம். என் அக்கா இதைச் சோம்பேறித்தனம் என்கிறார். நான் செய்வதில் ஏதாவது தவறு இருக்கிறதா?

பதில்: உங்கள் அக்காவிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். இரண்டு வருடம் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடப்பதைச் சோம்பேறித்தனத்துக்காக யாரும் தேர்ந்தெடுப்பதில்லை.

இந்த நிலைக்கு அகோராபோபியா என்று பெயர். 1871-இல் பெர்லினைச் சேர்ந்த கார்ல் வெஸ்ட்ஃபால் என்ற மருத்துவர், அகன்ற சதுக்கங்களையும் வெறிச்சோடிய தெருக்களையும் கடக்க முடியாமல் தவித்த சில ஆண்களைப் பற்றி எழுதும்போது இந்தப் பெயரைச் சூட்டினார். அகோரா என்றால் பழைய கிரேக்கத்தில் மக்கள் கூடும் சந்தைத் திடல். பெயரை வைத்து இதை வெட்டவெளியைக் கண்டு வரும் பயம் என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. பேருந்து, ரயில், திறந்த மைதானம், மூடிய அரங்கு, ரேஷன் கடை வரிசை, துணையில்லாமல் வீட்டுக்கு வெளியே இருப்பது ஆகியவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றினாலும், இங்கே எனக்கு ஏதாவது ஆனால் உடனே வெளியேற முடியாது, உதவிக்கு ஆள் கிடைக்காது என்ற ஒரே எண்ணம்தான் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிறது. சந்தையில் உங்கள் மனைவியைப் பயமுறுத்தியது சந்தையன்று. தன் உடலுக்குள் அன்று எழுந்த அந்தப் படபடப்பைக் கண்டுதான் அவர் பயப்படுகிறார். அது மறுபடி வரக்கூடிய இடங்களையெல்லாம் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்திருக்கிறார்.

ஓர் இடத்தைத் தவிர்த்தவுடன் நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதிதான் இந்த நோய்க்கு உணவு. இன்று போகவில்லை, ஒன்றும் ஆகவில்லை, ஆகவே போகாததால்தான் தப்பித்தேன் என்று மனம் பாடம் படித்துக்கொள்கிறது. நாளை அதற்கு அடுத்த தெருவும் பயங்கரமாகிவிடுகிறது. நீங்கள் அன்பினால் சுமந்துகொண்ட வேலைகள் ஒவ்வொன்றும், உங்களுக்குத் தெரியாமலே, வெளியே போவது ஆபத்து என்று அவருக்கு உறுதிசெய்திருக்கின்றன. இதைப் படித்து நீங்கள் குற்றவுணர்வு கொள்ள வேண்டாம். உங்கள் இடத்தில் அன்புள்ள எந்தக் கணவரும் இதையேதான் செய்திருப்பார். அதற்காக, நாளைக் காலையிலிருந்து எல்லாவற்றையும் நீயே பார்த்துக்கொள் என்று கைவிட்டுவிடவும் கூடாது. வலுக்கட்டாயமாகச் சந்தையில் கொண்டுபோய் நிறுத்துவது அதைவிட மோசம்.

சிகிச்சை படிப்படியாக நடப்பது. முதலில் அவரும் நீங்களும், கூடுமானால் ஓர் உளவியலாளரும் சேர்ந்து உட்கார்ந்து, மிகக் குறைந்த பயம் தருவதிலிருந்து மிக அதிக பயம் தருவது வரை வரிசையாக எழுத வேண்டும். எது எந்தப் படி என்று தீர்மானிப்பவர் அவர்தான், நீங்கள் அல்லர். வாசலில் பத்து நிமிடம் நிற்பது, தெருமுனைக் கடைக்குப் போய் ஒரு தீப்பெட்டி வாங்குவது, பேருந்து நிறுத்தம் வரை நடப்பது, ஒரே ஒரு நிறுத்தம் பயணம் செய்வது என்று அது ஏறும். ஒவ்வொரு படியையும் அடிக்கடி, முடிந்தால் தினமும், செய்ய வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை செய்தால் ஏழு நாளில் பயம் பழைய இடத்துக்குப் போய்விடும். மிக முக்கியமான ஒன்று: பயம் உச்சத்தில் இருக்கும்போது வீடு திரும்பக் கூடாது. அங்கேயே நின்று, அது தணியத் தொடங்குவதை அவரே கண்டபின் திரும்ப வேண்டும்.

அடையாளங்களை மாற்றி ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். நான்கு வருடமாகப் பேருந்தில் ஏறாத ஓர் ஆசிரியை, முதல் நாள் நிறுத்தத்தின் கல்பெஞ்சில் என்னுடன் உட்கார்ந்து மூன்று டவுன்பஸ் வந்து போவதைப் பார்த்தார், அவ்வளவுதான். ஒவ்வொரு வண்டி வரும்போதும் அவருடைய கை கைப்பையின் வாரை முறுக்கியது. பத்துக்கு எத்தனை பயம் என்று கேட்டேன். முதல் வண்டிக்கு ஒன்பது என்றார், இரண்டாவதற்கு எட்டு, மூன்றாவதற்கு ஐந்து. மறுநாள் நின்றிருந்த வண்டியில் ஏறி, கிளம்பும் முன் இறங்கினார். மூன்று மாதம் கழித்துத் தனியாகவே பள்ளிக்குப் போய்வந்தார். இடையில் ஒரு வாரம் முழுக்கப் பின்வாங்கிய வாரமும் இருந்தது; அதுவும் இயல்பானதே என்பதால் இதைச் சொல்கிறேன்.

உங்கள் பங்கு, படிப்படியாக விலகுவது. முதலில் பக்கத்தில் நடங்கள், பிறகு இருபதடி பின்னால், பிறகு போய்ச் சேரும் இடத்தில் காத்திருங்கள், பிறகு கைப்பேசியில் மட்டும் இருங்கள், கடைசியில் அதுவும் வேண்டாம். "ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாது" என்று திரும்பத் திரும்பச் சொல்வதைவிட, "பயமாக இருக்கிறதா, சரி, நிற்போம்" என்பது நல்லது. கைப்பையில் தண்ணீர் பாட்டிலும், முகர்ந்து பார்க்க எலுமிச்சம்பழமும், அவசர மாத்திரையும் வைத்துக்கொண்டுதான் கிளம்புவார் என்றால், முதல் சில வாரங்களுக்கு இருக்கட்டும். பிறகு ஒவ்வொன்றாக வீட்டில் விட்டுவிட வேண்டும். கயிறு கட்டியதிலும் திருநீறு பூசுவதிலும் எனக்கு மறுப்பில்லை, நம்பிக்கை மனதுக்குத் தெம்பு தரும். ஆனால் திருநீற்றை மறந்துவிட்டேன் என்று தெருமுனையிலிருந்து திரும்பி வரும் நிலை ஏற்பட்டால், அதுவும் தவிர்த்தலின் இன்னொரு வடிவமாகிவிடுகிறது.

கேள்வி: எனக்கு வயது 52, மதுரை. படபடப்புக்காக நான்கு வருடம் முன்பு ஒரு மருத்துவர் அல்பிரசோலம் 0.5 மில்லிகிராம் எழுதிக்கொடுத்தார். பழைய சீட்டைக் காட்டி இன்றும் மருந்துக் கடையில் வாங்கிச் சாப்பிடுகிறேன். ஒருநாள் விட்டாலும் கை நடுங்குகிறது. சமீபத்தில் வேறொரு மருத்துவர் எஸ்சிடலோபிராம் என்ற மாத்திரையைக் கொடுத்தார். முதல் வாரமே பதற்றம் கூடியதால் நிறுத்திவிட்டேன். என்ன செய்வது?

பதில்: முதலில் ஒன்றைச் செய்யாதீர்கள்: அல்பிரசோலத்தை ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். நான்கு வருடம் பழகிய உடலில் அப்படி நிறுத்தினால் வலிப்பு வரைகூடப் போகக்கூடும். மனநல மருத்துவரின் மேற்பார்வையில், வாரக்கணக்கில், தேவைப்பட்டால் மாதக்கணக்கில், சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். மாத்திரை போடும் நாட்களில் மதுவைத் தொடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் மூச்சை அடக்கிவிடும்.

அல்பிரசோலம் அரைமணி நேரத்தில் படபடப்பை அடக்குகிறது என்பது உண்மைதான். விரைவில் வேலைசெய்து விரைவில் வடிந்துவிடுவதால்தான் அடுத்த வேளைக்கு உடல் ஏங்குகிறது. நீங்கள் சொல்லும் அந்த நடுக்கத்தில் பெரும்பங்கு பழைய நோயாக இருக்காது, மாத்திரைக்குப் பழகிய உடலின் ஏக்கமாகவே இருக்கும். நம் நாட்டில் இது அட்டவணை எச்1 மருந்து. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்பதைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. பழைய சீட்டில் நான்கு வருடம் ஓடியது உங்களுக்கு யாரும் செய்த உதவியன்று.

எஸ்சிடலோபிராம், செர்ட்ரலின், பராக்சிடின் போன்றவை வேறு வகையைச் சேர்ந்தவை. பீதி நோய்க்கு முதலில் பரிந்துரைக்கப்படுபவை இவையே. முதல் ஒன்றிரண்டு வாரங்களில் பதற்றம் சற்றுக் கூடுவது இவற்றின் இயல்பு, ஆகவே குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுவோம். பலன் தெரிய இரண்டிலிருந்து ஆறு வாரம் ஆகலாம். இதை உங்களுக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தால் நீங்கள் நிறுத்தியிருக்க மாட்டீர்கள். மருத்துவர்களாகிய நாங்கள் திருத்திக்கொள்ள வேண்டிய இடம் இது. அந்த மருத்துவரிடமே திரும்பப் போய் நடந்ததைச் சொல்லி, பாதி அளவில் தொடங்கலாமா என்று கேளுங்கள். குணமான பிறகும் ஏறக்குறைய ஒரு வருடம் தொடர்ந்து, பிறகு படிப்படியாக நிறுத்துவது வழக்கம்.

மருந்தினால் என்ன ஆகும், என்ன ஆகாது என்பதற்கு ஒரு பழைய சம்பவம் உண்டு. நியூயார்க்கில் டொனால்ட் க்ளைன் என்ற மனநல மருத்துவர், 1960-ஐ ஒட்டிய வருடங்களில், பீதியால் தவித்த நோயாளிகளுக்கு இமிப்ரமின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். சில வாரம் கழித்துக் கேட்டபோது, பலனில்லை என்றே நோயாளிகள் சொன்னார்கள். ஆனால் வார்டில் இருந்தவர்கள் வேறொன்றைக் கவனித்திருந்தார்கள்: சாகப்போகிறேன் என்று செவிலியர் அறைக்கு ஓடி வருவதை அந்த நோயாளிகள் நிறுத்திவிட்டிருந்தனர். தாக்குதல் நின்றுவிட்டது; அது வந்துவிடுமோ என்ற பயமும், வெளியே போக மறுப்பதும் அப்படியே இருந்தன. இன்றும் நிலைமை அதுதான். மாத்திரை தாக்குதலைக் குறைக்கும், பேருந்தில் நாம்தான் ஏற வேண்டும். அதற்கான பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அல்பிரசோலத்தைப் போட்டுக்கொண்டு அந்தப் பயிற்சிக்குப் போனால், மாத்திரையால்தான் பிழைத்தேன் என்றே மனம் படித்துக்கொள்ளும்.

கேள்வி: கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறேன், வயது 19. தேர்வு மண்டபத்தில் எல்லாம் கனவு போல, நானே நானில்லை போலத் தோன்றி எழுந்து வெளியே வந்துவிட்டேன். இது பைத்தியத்தின் தொடக்கமா? வீட்டில் சொல்லப் பயமாக இருக்கிறது.

பதில்: இல்லை, தம்பி. சுற்றியுள்ளவை நிஜமில்லாதது போலவும், தன்னைத் தானே தூரத்திலிருந்து பார்ப்பது போலவும் தோன்றுவது பீதித் தாக்குதலின் அறிகுறிகளில் ஒன்று. அது மனச்சிதைவாக மாறுவதில்லை. பீதி நோய் பெரும்பாலும் உங்கள் வயதை ஒட்டித்தான் தொடங்குகிறது, அதனால் இப்போதே கவனித்துவிடுவது நல்லது. இரவு விழித்துப் படிப்பதற்காகக் குடிக்கும் காபியையும் எனர்ஜி பானங்களையும் குறைத்துப் பாருங்கள்.

14416 என்ற எண்ணை அழையுங்கள். 2022 அக்டோபரில் இந்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. இலவசம், இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். வீட்டை விட்டு வெளியே வரவே முடியாதவர்களுக்கும் முதல் படியாக அது உதவும், கோபிசெட்டிபாளையத்து வாசகரும் குறித்துக்கொள்ளலாம். நேரில் போக விரும்பினால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் புறநோயாளியாகப் பார்த்துக்கொள்ளலாம். வீட்டில் முதலில் யாரிடம் சொல்வது எளிது என்று யோசித்து, அம்மாவிடமோ அண்ணனிடமோ ஒருவரிடம் மட்டும் சொல்லுங்கள், இந்தப் பக்கத்தையும் சேர்த்துக் காட்டுங்கள். அடுத்த தேர்வுக்கு ஒரு வாரம் முன்பே அனுமதி வாங்கி, ஆளில்லாத நேரத்தில் அதே மண்டபத்தில், கதவுக்கு அருகில் அல்லாமல் நடுவரிசையில், பழைய வினாத்தாள் ஒன்றை வைத்துக்கொண்டு முழு நேரமும் உட்கார்ந்து எழுதிவிட்டு வாருங்கள். முடிந்தால் இரண்டாம் நாளும் போங்கள்.